அக்காள் ஏறிச் சென்ற மலைப்பாதை

சென்ற கோடை விடுமுறையில், ஒன்பது வயதான என் பேத்தியை அழைத்துக்கொண்டு, நீலகிரியில் அருவங்காட்டிலே வாழும் என் அக்காளின் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். கோவையிலிருந்து பேருந்திலே பலமுறை சென்ற இடந்தான். ஆனால் மேட்டுப்பாளையத்திலிருந்து மலை இரயிலில் ஏறிச் சென்றது இதுவே முதல் தடவை. இதற்கு ஒரு காரணம் உண்டு.

1972-ஆம் ஆண்டில் அக்காளுக்குத் திருமணமாயிற்று. அத்தான் அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையில் பணியாற்றி வந்தார். திருமணமான மறுவாரம் புதுமணத் தம்பதியரை மேட்டுப்பாளையம் வரை கொண்டுபோய் விட்டுவர என் தந்தையாரும் நானும் சென்றோம். மூன்றாம் வகுப்பு என்ற ஒன்று அப்பொழுது இரயில்களில் இருந்தது. 1974-இல்தான் அது எடுக்கப்பட்டது. மூன்றாம் வகுப்பிலே ஒரு தகரப் பெட்டி, ஒரு குத்துவிளக்கு, அம்மா கட்டிக் கொடுத்த முறுக்குக் கூடை ஆகியவற்றோடு அக்காள் அமர்ந்திருந்தாள். வண்டி நகர்ந்தது. அது மலையை நோக்கிச் சென்று மரங்களுக்குள் மறையும் வரையில் அப்பா அசையாமல் நின்றார். மலைமேல் போய்விட்டால் பெண் ஏதோ வேறு தேசத்திற்கே போய்விட்டாள் என்பது அவர் எண்ணம். அன்று நானும் ஏறிவிட வேண்டுமென்று மனம் துடித்தது. கையில் திரும்பிப் போகும் சீட்டு மட்டுமே இருந்தது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த ஏக்கம் என்னை விடவில்லை.

ஆகவே முன்பதிவு தொடங்கிய நாளன்றே சீட்டு எடுத்துவிட்டேன். சென்னையிலிருந்து இரவு முழுவதும் ஓடிவந்த நீலகிரி எக்ஸ்பிரஸ் விடியற்காலையில் எங்களை மேட்டுப்பாளையத்தில் இறக்கிவிட்டது. எதிர்ப்புறத்தில் நீலமும் வெண்மஞ்சளும் பூசிய சிறு பெட்டிகள் நின்றன. காலை ஏழு மணிக்கு மேல் புறப்பாடு.

என் பேத்தி தாம்பரத்தில் வளர்கிறவள். மின்சார இரயிலைப் பார்த்தே பழகியவள். பெட்டிகளின் நீளம் முழுவதும் நடந்து பார்த்துவிட்டு ஓடி வந்தாள். “தாத்தா, எஞ்சின் பின்னாலே இருக்கிறதே! திருப்பி மாட்டிவிட்டார்களா?” என்று கேட்டாள்.

பிழை ஏதுமில்லை. மலையேறும்போது எஞ்சின் வண்டியை இழுப்பதில்லை, பின்னின்று தள்ளுகிறது. செங்குத்தான பாதையில் பெட்டிகளின் இணைப்பு அறுந்துபோனால் அவை பின்னோக்கி உருண்டு பள்ளத்தில் விழும் அல்லவா? எஞ்சின் கீழ்ப்புறத்தில் இருந்தால் அது தாங்கிக்கொள்ளும். இவ்வளவும் சொன்னபின் அவள், “அப்படியென்றால் டிரைவருக்கு முன்னால் இருப்பது எப்படித் தெரியும்?” என்று மடக்கினாள். நல்ல கேள்வி. அவருக்குத் தெரியாது. அதற்காகவே ஒவ்வொரு பெட்டியின் முகப்பு மேடையிலும் ஒரு பிரேக்ஸ்மேன் நிற்கிறார். முதற்பெட்டியில் நிற்பவர் பாதையைப் பார்த்துக் கொடியசைக்க, அடுத்தவர் அதைக் கண்டு தாமும் அசைக்க, செய்தி கைமாறிக் கைமாறிக் கடைசியில் எஞ்சின் ஓட்டுநரை அடைகிறது. தத்தம் பெட்டியின் பிரேக்கைப் பிடிப்பதும் அவர்கள் வேலையே. கணிப்பொறி வந்துவிட்ட காலத்திலும் ஒரு பச்சைக் கொடியையும் ஒரு மனிதனின் கண்ணையும் நம்பி இந்த வண்டி ஏறுகிறது.

வண்டி புறப்பட்டது. பவானி ஆற்றைக் கடந்து, பாக்குத் தோப்புகளின் நடுவே கல்லாறு வரைக்கும் சமவெளியிலே ஓடுகிறது. அது வரையில் இது எல்லா இரயிலையும் போன்ற இரயில்தான். அந்த நேரத்தில் இதன் பழங்கதையைச் சற்றே கூறிவிடுகிறேன்.

நீலமலையின்மீது கால்வைத்த முதல் ஐரோப்பியர் என்று வரலாறு கூறுகிறவர் ஓர் இயேசு சபைக் குரு என்பது நம் வாசகர்களில் பலருக்கு வியப்பளிக்கலாம். இத்தாலியரான யாக்கோமோ பெனிசியோ என்னும் அவர், புனித தோமையார் வழிவந்த கிறிஸ்தவர்கள் மலைமேல் வாழ்கிறார்கள் என்ற செய்தியைக் கேள்வியுற்று, 1603-ஆம் ஆண்டில் மேற்குக் கடற்கரையிலிருந்து காடு கடந்து ஏறினார். அவர் கண்டது எருமை மேய்த்து வாழ்ந்த தோடர் மக்களையே. திரும்பிப் போய்விட்டார். அதன் பிறகு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் கழிந்தே, 1819-இல் கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் மேலேறிவந்து, உதகையில் வீடு கட்டி, வெள்ளையர் குடியேற்றத்திற்கு வழிவகுத்தார். வெள்ளைக்காரத் துரைமார்களையும் அவர்தம் துணைவியரையும் நம்மவர்கள் பல்லக்கிலும் நாற்காலியிலும் தூக்கிக்கொண்டு ஏறிய காலம் அது. பிறகு மலைச்சாலை வந்தது; குதிரை பூட்டிய டோங்கா வண்டியும் மாட்டு வண்டியும் வந்தன.

1873-இல் இரயில் பாதை மேட்டுப்பாளையத்தை எட்டிற்று. அடிவாரத்தில் வந்து அது நின்றுவிட்டது. மேலே கோடைகாலத் தலைநகர், காப்பித் தோட்டம், தேயிலைத் தோட்டம், படைவீடுகள். கீழே இரயில். நடுவில் ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரமுள்ள மலைச்சுவர். 1854-ஆம் ஆண்டிலேயே மலை இரயில் பற்றிய யோசனை எழுந்திருந்தது. சுவிட்சர்லாந்தில் ரிகி மலையின்மீது 1871-இல் பற்சட்டப் பாதை அமைத்துப் புகழ்பெற்ற நிக்லாஸ் ரிக்கன்பாக் என்ற பொறியாளர் 1882-இல் நீலகிரிக்கே வந்து பார்த்துத் திட்டம் வகுத்துக் கொடுத்தார். 1885-இல் ‘நீலகிரி ரிகி இரயில்வே’ என்றொரு கம்பெனி தோன்றியது, பணம் திரளவில்லை. அடுத்து வேறொரு கம்பெனி. 1891 ஆகஸ்டு மாதம் சென்னை ஆளுநர் வென்லாக் பிரபு வேலையைத் தொடங்கி வைத்தார். மூன்றாண்டுகள் கழிந்து 1894-இல் அந்தக் கம்பெனியும் நொடித்துவிட்டது. 1896-இல் மூன்றாவதாக ஒன்று எழுந்து, 1899-ஆம் ஆண்டு ஜூன் 15-ஆம் நாள் குன்னூர் வரைக்கும் பாதையைத் திறந்தது. யோசனை பிறந்தது முதல் வண்டி ஓடியது வரை நாற்பத்தைந்து ஆண்டுகள்! 1903-இல் அரசாங்கம் அதனை விலைக்கு வாங்கிக்கொண்டது. 1908-இல் பாதை பெர்ன்ஹில் வரைக்கும், அடுத்த மாதமே உதகை வரைக்கும் நீண்டது.

பொறியாளர்களின் பெயரையும் ஆளுநர்களின் பெயரையும் ஏடுகள் பாதுகாத்து வைத்திருக்கின்றன. அடிவாரத்துக் காடு அக்காலத்தில் மலைக்காய்ச்சலுக்குப் பேர்போனது. அங்கே பாறை உடைத்து, 250 பாலங்களையும் 16 சுரங்கங்களையும் 208 வளைவுகளையும் அமைத்தவர்களுடைய பெயர் ஒன்றையும் எந்தக் கல்வெட்டிலும் நான் கண்டேனில்லை.

கல்லாற்றில் வண்டி நின்று தண்ணீர் குடித்தது. அப்பால் ஓர் உலுக்கல். ‘கடக் கடக்’ என்ற புதிய ஓசை. பேத்தி என் கையைப் பற்றிக்கொண்டாள். பல் பிடித்துவிட்டது!

அதன் அமைப்பை அவளுக்குச் சொன்னவாறே இங்கும் சொல்கிறேன். வழுவழுப்பான இரும்புச் சக்கரம் வழுவழுப்பான தண்டவாளத்தின்மேல் ஏறுவதற்கு ஓர் எல்லை உண்டு. இந்தப் பாதையிலோ சில இடங்களில் ஏறக்குறைய பன்னிரண்டு அடி முன்னே சென்றால் ஓரடி மேலே ஏற வேண்டும். சக்கரம் வழுக்கிவிடும். ஆகவே இரு தண்டவாளங்களுக்கும் நடுவே, இரும்பில் பல் வெட்டிய இரண்டு சட்டங்களை அடுத்தடுத்துப் பதித்திருக்கிறார்கள். ஒரு சட்டத்தின் பல் இருக்குமிடத்தில் மற்றதன் பள்ளம் இருக்கும். எஞ்சினின் அடியிலுள்ள பற்சக்கரங்கள் அவற்றைக் கவ்விக் கவ்வி ஏறுகின்றன. ஒன்று விடும்போது மற்றொன்று பிடித்திருக்கும். ரோமன் ஆப்ட் என்ற சுவிஸ் பொறியாளர் கண்டுபிடித்த முறை இது. கல்லாறு முதல் குன்னூர் வரை ஏறக்குறைய 19 கிலோமீட்டருக்கு இந்தப் பற்சட்டம் செல்கிறது. இந்தியாவிலேயே பற்சட்ட இரயில் பாதை இது ஒன்றுதான்.

எஞ்சினும் அதற்கேற்ற விசித்திரப் பிறவி. ஒரே எஞ்சினுக்குள் இரண்டு எஞ்சின்கள் எனலாம். கீழ்ப்புறச் சிலிண்டர்கள் சாதாரணச் சக்கரங்களை ஓட்டுகின்றன. அங்கே வேலை செய்து வெளிவரும் நீராவியை வீணாக்காமல் மேற்புறச் சிலிண்டர்களுக்கு அனுப்பி, அவற்றால் பற்சக்கரங்களைச் சுழற்றுகிறார்கள். சமவெளியில் கீழ் இரண்டு மட்டும் உழைக்கும். மலையில் நான்கும் உழைக்கும். சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரில் செய்யப்பட்டவை இவை; கடைசித் தொகுதி 1952-இல் வந்து சேர்ந்தது. அவை நாளடைவில் தளர்ந்துவிட்டன. 2011 முதல் திருச்சி பொன்மலைப் பணிமனையில் நம் தொழிலாளர்களே எண்ணெய் எரித்து ஓடும் புதிய எஞ்சின்களைக் கட்டி அனுப்பினார்கள். பொன்மலையின் நிழலில் பிறந்து வளர்ந்த எனக்கு இதைச் சொல்லும்போது சற்றே பெருமை உண்டாவதை வாசகர்கள் பொறுத்தருள்வார்களாக.

மணிக்கு 13 கிலோமீட்டர் வேகம். மிதிவண்டிக்காரன் முந்திவிடுவான். ஆனால் இதைவிட விரைவாகச் செல்ல எனக்கு விருப்பமில்லை. ஒரு புறம் பாறைச்சுவர். கை நீட்டினால் பாசியைத் தொடலாம். மறுபுறம் பள்ளத்தாக்கு, அதன் அடியில் வெள்ளி நூலாக ஓர் ஓடை. பாலத்தின் இருபக்கமும் தடுப்பு ஏதுமின்றி வண்டி அந்தரத்திலே தவழ்கிறது. சுரங்கத்தின் இருளில் நுழையும்போதெல்லாம் பெட்டியிலிருந்த இளைஞர் கூட்டம் கூச்சலிட்டது. பேத்தியும் கூச்சலிட்டாள். மூன்றாவது சுரங்கத்தில் நானும் மெதுவாக ஒரு குரல் கொடுத்துப் பார்த்தேன், யாரும் கவனிக்கவில்லை.

ஹில்குரோவில் நீண்ட நேரம் நின்றது. எஞ்சின் தண்ணீர் குடிக்க, நாங்கள் தேநீர் குடித்தோம். குரங்கு ஒன்று பக்கத்துப் பெண்மணியின் கையிலிருந்த வடையைப் பறித்துச் சென்று, எங்களைப் பார்த்துக்கொண்டே தின்றது. முன்பு வழியில் அடர்லி, ரன்னிமேடு, காட்டேரி ரோடு என்று சிறு நிலையங்கள் தோட்டத்தார்க்குப் பயன்பட்டன. தேயிலையும் உருளைக்கிழங்கும் இவ்வண்டியில் இறங்கின. அரிசியும் மண்ணெண்ணெயும் ஏறின. லாரி வந்தபின் சரக்கு போயிற்று. சரக்கு போனபின் அந்நிலையங்களின் உயிரும் போயிற்று.

இம்மலை இரக்கமற்றதாகவும் இருக்கக்கூடும். 1993 நவம்பர் மாதத்தில் மரப்பாலத்தருகே மலைச்சரிவு சாலையையும் இரயில் பாதையையும் ஒருசேர வாரிக்கொண்டு போயிற்று. பேருந்துகளில் இருந்தோர் மண்ணோடு மறைந்தனர். 2009 நவம்பரிலோ நீலகிரி மாவட்டமெங்கும் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பாதை பல இடங்களில் அந்தரத்தில் தொங்கியது. மீண்டும் வண்டி ஓடப் பல மாதங்களாயின. ஆண்டுதோறும் ஐப்பசி, கார்த்திகையில் எங்கேனும் ஓரிடத்தில் பாறை விழுவதும், வண்டி நிற்பதும், தொழிலாளர் கயிறு கட்டி இறங்கி அகற்றுவதும் இங்கு வழக்கமான செய்தி.

குன்னூரில் அத்தான் காத்திருந்தார். எண்பதை நெருங்குகிறார், கம்பளித் தொப்பி, கையில் குடை. “வா தம்பி! ஐம்பது வருஷம் கழித்து ஏறி வந்துவிட்டாயே!” என்று தழுவிக்கொண்டார். பற்சட்டம் அங்கே முடிகிறது. எங்கள் நீராவி எஞ்சின் விடைபெற, டீசல் எஞ்சின் வந்து சேர்ந்தது. வண்டி வந்த வழியே சிறிது தூரம் பின்வாங்கிச் சென்று, பிறகு உதகைப் பாதையில் முன்னேறியது. “ஊருக்குத் திரும்புகிறோமா?” என்று பேத்தி கலங்கியதைக் கண்டு அத்தான் விழுந்து விழுந்து சிரித்தார்.

இனி நான் சொல்லப்போவது சுற்றுலாப் பயணிகள் அதிகம் கவனியாத பகுதி. குன்னூர் முதல் உதகை வரையுள்ள 19 கிலோமீட்டருக்கும் குறைவான தூரம் காட்சிக்கு மட்டும் ஆனதன்று. சென்னைக்கு அன்றைய கடற்கரை–தாம்பரம் மின்சார இரயில் எப்படியோ, அப்படியே மலைவாழ் மக்களின் அன்றாட வண்டியாக இது ஓடியது. வெலிங்டன் படைவீரர்களின் ஊர். ஜக்கதளா என்ற பழம்பெயரைக் களைந்துவிட்டு ஆங்கிலப் படைத்தலைவனின் பெயரைப் பூண்டது. அடுத்தது அருவங்காடு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த வெடிமருந்துத் தொழிற்சாலை. பிறகு கேத்தி, படுகர் இன மக்களின் அழகிய பள்ளத்தாக்கு. அதற்கப்பால் லவ்டேல், லாரன்ஸ் பள்ளி. நான்கு நிலையங்களிலும் காலையில் ஏறுவோர், மாலையில் இறங்குவோர்.

“சீசன் டிக்கெட் வைத்திருந்தேன், தம்பி. உதகையில் எங்களுக்கு வாடகை வீடு. நாள்தோறும் இதில்தான் வேலைக்கு வருவேன். எந்தப் பெட்டியில் யார் உட்காருவார்கள் என்பதுகூட நிச்சயம். ஒரு பெட்டியில் சீட்டாட்டம். ஒன்றில் பள்ளிப் பிள்ளைகள். ஒன்றில் காரட் மூட்டையும் கோஸ் மூட்டையும். ஒருவன் வரவில்லையென்றால் அவனுக்குக் காய்ச்சல் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். மாலையில் யாராவது போய்ப் பார்ப்பார்கள்” என்றார் அத்தான்.

“இப்பொழுது?”

“இப்பொழுது பேருந்து ஐந்து நிமிடத்திற்கு ஒன்று. நேரமும் குறைவு. யாரைக் குறைசொல்ல? நானே கடைசிப் பத்து வருஷம் பேருந்தில்தான் போனேன்.”

அவருடைய நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. உள்ளூர் வண்டி ஊரை விட்டு விலகியதா, ஊர் வண்டியை விட்டு விலகியதா என்பதற்கு எளிதில் விடை கூற முடியாது. இரண்டும் நடந்தன. 2018-இல் கட்டணம் பல மடங்கு உயர்ந்தபோது எஞ்சியிருந்தோரிலும் சிலர் இறங்கிவிட்டார்கள்.

அருவங்காட்டில் எங்கள் மூவரோடு வேறு யாரும் இறங்கவில்லை. சன்னல்தோறும் கைப்பேசியை நீட்டிப் படமெடுத்தபடி வண்டி போயிற்று. நிலையத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் வீடு. அக்காள் வாசற்படியில் அமர்ந்திருந்தாள். முழங்கால் நோவினால் எழுந்து வர முடியவில்லை. “பதினோரு நிமிடம் தாமதம்” என்பதே அவள் சொன்ன முதற்சொல். கடிகாரம் பார்க்காமலே சொன்னாள். வண்டிச் சத்தங்கேட்டு உலை வைப்பதும், மாலை வண்டியின் சத்தங்கேட்டு விளக்கேற்றிச் செபமாலையைக் கையிலெடுப்பதும் அவளுக்கு ஐம்பதாண்டுப் பழக்கம்.

பேச்சுவாக்கில் ஒன்று தெரிந்தது. இரயில் நிலையத்திற்கு இவ்வளவு அருகில் வாழும் அவள், அந்த இரயிலில் ஏறிப் பதினோரு ஆண்டுகள் ஆகின்றனவாம்! முதலில் பேருந்து வசதியாயிருந்தது, பிறகு வண்டியில் கூட்டம், பிறகு முழங்கால். “நாளைக்கு உதகைக்குப் போவோம், இரயிலில்” என்றேன். வேண்டாம் என்று மூன்றுமுறை சொன்னாள். நான்காம் முறை, எந்தச் சேலை என்று யோசிக்கத் தொடங்கினாள்.

மறுநாள் காலை முதல் வண்டியில் அவ்வளவு நெரிசலில்லை. அத்தானும் நானும் இருபுறமும் தாங்கி அவளை ஏற்றிவிட்டோம். சன்னலோரம் அமர்ந்தாள். எதிரே, தோட்டத்துப் பெண்மணி ஒருவர். இலங்கையிலிருந்து வந்தவர் என்பது பேச்சிலே விளங்கிற்று. 1964-இல் இரு நாட்டரசுகளும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி தாயகம் திரும்பிய மலைநாட்டுத் தமிழர் பலருக்கு நீலகிரியின் அரசுத் தேயிலைத் தோட்டங்களே புகலிடமாயின. அட்டனிலே பிறந்தவராம். “எங்கள் மலை இரயிலுக்குப் பல் கிடையாது, ஐயா. பெரிய இரயிலே வளைந்து வளைந்து பதுளை வரைக்கும் ஏறும். நானுஓயாவிலிருந்து இராகலைக்கு ஒரு சின்ன இரயில் இருந்ததாம். அப்பா சொல்லுவார். நான் பிறக்குமுன்னே பிடுங்கிவிட்டார்கள்” என்றார்.

உண்மையே. நுவரெலியா வழியாக ஓடிய அந்தக் குறும்பாதை 1940-களிலே கைவிடப்பட்டது. மூணாற்றில் நம் தமிழ்த் தொழிலாளரின் வியர்வையில் எழுந்த குண்டளப் பள்ளத்தாக்குப் பாதையை 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அழித்தது, மீண்டும் கட்டுவாரில்லை. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த டாஸ்மேனியாத் தீவில், நம்முடையதைப் போலவே ஆப்ட் முறைப் பற்சட்டத்தில் சுரங்கத்துச் செம்பை இறக்கிய பாதை 1963-இல் மூடப்பட்டது. நாற்பது ஆண்டளவு காடு மூடிக் கிடந்தபின், சுற்றுலாவுக்கென்று புதுப்பித்து ஓட்டுகிறார்கள். அங்கே தாது இல்லை, தொழிலாளர் இல்லை. வண்டி மட்டும் திரும்பி வந்திருக்கிறது.

நம் பாதை தப்பியதும் வியப்பே. 1992-க்குப்பின் நாடெங்கும் மீட்டர் கேஜ் பாதைகளை அகலப்பாதையாக்கும் வேலை விரைந்து நடந்தது. தாம்பரம் மின்சார இரயில்கூட 1931 முதல் மீட்டர் கேஜில் ஓடியதுதான். 2004-இல் அதுவும் மறைந்தது. செங்கோட்டைக் கணவாய்ப் பாதையும் போடிப் பாதையும் மாறின. தமிழகத்தில் எஞ்சி நிற்கும் மீட்டர் கேஜ் இந்த மலைப்பாதை ஒன்றே. வளைவும் சுரங்கமும் பற்சட்டமும் அகலப்படுத்த இடங்கொடா. அகற்றலாம் என்றால், 2005 ஜூலையில் யுனெஸ்கோ நிறுவனம் டார்ஜிலிங் பாதையோடு இதனையும் சேர்த்து உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்துவிட்டது. திரைப்படக்காரர்களும் தம் பங்கைச் செய்தார்கள். 1982-இல் வந்த ‘மூன்றாம் பிறை’யின் கடைசிக் காட்சியை இந்தக் கேத்தி நிலையத்தில் எடுத்தார்கள். 1998-இல் ஓர் இந்திப் படத்திற்காக வண்டியின் கூரைமேல் ஏறி ஆடினார்கள். நம் இளைஞர்கள் அதைப் பின்பற்றாதிருப்பார்களாக!

இதை எழுதும்போது என் உள்ளத்தில் இரண்டு எண்ணங்கள் மோதுகின்றன. பயணிகள் கூட்டம் இல்லையேல் இவ்வண்டி என்றோ நின்றிருக்கும். அவர்களது பணமும் ஆர்வமுமே இதைக் காத்தன. அதே கூட்டம் நிறைந்ததனால் அக்காளைப் போன்றோர்க்கு இது சன்னல் வழியே கேட்கும் ஓசையாகிவிட்டது. நெடுந்தூர வண்டியைப் பயணிகளுக்கு விட்டுவிடலாம். குன்னூர்–உதகை வண்டிகளில் ஒரு பெட்டியாவது சீசன் டிக்கெட்காரர்க்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் முதியோர்க்கும் என ஒதுக்கினால் என்ன? பாரம்பரியம் என்பது இரும்பும் மரமும் மட்டுமா? சீட்டாடிய பெட்டியும், கோஸ் மூட்டையும், வராதவனைத் தேடிச் சென்ற மாலையும் அதில் சேரமாட்டாவோ? இது என் கருத்து மட்டுமே. அத்தான், “யார் ஏறப் போகிறார்கள்?” என்று கையை விரித்துவிட்டார்.

கேத்தியைத் தாண்டியதும் பள்ளத்தாக்கு முழுவதும் இளவெயிலில் விரிந்தது. அடுக்கடுக்காகக் காரட் வயல்கள், ஓட்டு வீடுகள், யூக்கலிப்டஸ் வாசனை. அக்காள் பேசவேயில்லை. லவ்டேல் சுரங்கத்தை நெருங்கும்போது பேத்தியிடம் மெதுவாகச் சொன்னாள்: “நான் முதல்முதல் வந்தபோது இந்த இடத்தில்தான் முறுக்குக் கூடையைத் திறந்தேன். அது வரைக்கும் அழுதுகொண்டே வந்தேன். பசி வந்துவிட்டது. பெட்டியிலிருந்த எல்லோருக்கும் கொடுத்தேன். உதகையில் இறங்கும்போது ஏழெட்டுப் பேர் என் சாமான்களைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.”

“அவர்களெல்லாம் யார் பாட்டி?”

“அப்பொழுது தெரியாது. பிறகு எல்லோருமே தெரிந்தவர்கள்.”

உதகையில் ஒரு மணி நேரம் இருந்தோம். நிலையத்தை விட்டு வெளியே போக அக்காள் விரும்பவில்லை. பலகையில் அமர்ந்து, வருகிற வண்டியையும் போகிற வண்டியையும் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பும்போது இடம் கிடைக்கவில்லை, பேருந்தில் வந்தோம்.

அன்று மாலை அடுக்களையில் அவள் வெங்காயம் அரிந்துகொண்டிருக்க, கீழிறங்கும் வண்டியின் ஒலி கேட்டது. டீசல் எஞ்சினின் தட்டையான ஊதல். பேத்தி முந்திக்கொண்டு, “பாட்டி, இன்றைக்கு எத்தனை நிமிடம்?” என்றாள்.

அக்காள் அரிவாள்மணையை நிறுத்தி, தலைசாய்த்துக் கேட்டாள். “சரியான நேரம்” என்று சொல்லிவிட்டு, எழுந்து விளக்கேற்றப் போனாள்.